கண்ணாடிப் பூச்சும் கலர்படக்காரரும்

வெந்நீர்த் தொட்டி செய்கிற அந்தத் தொழிற்சாலையில் அவரைக் கலர்படக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே முதுகுவலி. இன்னும் செய்யாத தொட்டியைக் கம்ப்யூட்டரில் செய்து, தண்ணீர் ஏற்றி, சூடாக்கி, எங்கே உடையும் என்று பார்ப்பது அவர் வேலை. தாங்குகிற இடம் நீலமாகவும் தாங்காத இடம் சிவப்பாகவும் திரையில் தெரியும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பது மட்டும் தெரியாது.

அவர் மனைவிக்கு அதே வளாகத்தில் பூச்சுக் கூடத்தில் வேலை. தொட்டிக்குள் துரு ஏறாமல் இருக்க, கண்ணாடிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து உள்ளே பீய்ச்சி, காயவைத்து, உலையில் விடுவார்கள். பொடி உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அங்கே பதினொரு பெண்கள், அவள்தான் அவர்களுக்குத் தலைவி. அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை. கல்யாணமான இரண்டாம் மாதமே அவர் அந்த முயற்சியை விட்டுவிட்டார். அதனால்தான் குடும்பம் நன்றாக நடக்கிறது.

இந்த முறை கம்பெனி மெல்லிசான தகட்டில் தொட்டி செய்யப் பார்த்தது. பூச்சு தாங்கினால் சரி. தாங்காவிட்டால் எவர்சில்வருக்கு மாறிவிடுவது, பூச்சுக் கூடத்தை மூடிவிடுவது. தாங்குமா தாங்காதா என்று அடுத்த வாரம் அவர் சொல்ல வேண்டும்.

பூச்சின் கனம் நாலு தலைமுடியைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அதையும் துண்டு துண்டாக வெட்டிக் கணக்குப் போடச் சொன்னால் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும். அதனால் தொட்டியின் உள்முகத்தைக் காட்டி, இதன்மேல் இவ்வளவு கனத்தில் கண்ணாடித் தோல் ஒன்று ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கனம் சரியா, பொருள் சரியா, தோல் எந்தப் பக்கம் என்று எல்லாம் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் ஓடவிட்டார். அடித்தட்டு சேருகிற மூலை முழுக்கச் சிவப்பு.

சனிக்கிழமை முழுவதும் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். ஞாயிறு மதியம் சாப்பாட்டில்தான் வாயைத் திறந்தார்.

"உன் பூச்சு விரிசல் விட்டுப் போகுது."

"எங்க?"

"கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர்ல நான் எங்க பூசுனேன்? அங்க பூசுனது நீங்க."

"கிண்டல் பண்ணாத. மூலையில ஒரே சிவப்பு. நாளன்னைக்கு நான் இதத்தான் சொல்லணும்."

அவள் கை சோற்றில் நின்றது. பதினொரு பேரையும் மனதுக்குள் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தவள் போல மெதுவாகச் சொன்னாள்.

"சிவப்புன்னா சிவப்புன்னே சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்லிட்டு இந்த வீட்டுக்குள்ள வராதீங்க. ஆனா ஒழுங்காப் பூசிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் குழம்புக்குக் கையை நீட்டினார். கரண்டி பட்டதும் பாத்திரம் ஆடியது. கீழே இருந்தது ஒரு முழ நீளத் தகடு. ஒரு பக்கம் மட்டும் பூச்சு பூசிச் சோதனை பார்த்துக் கழித்ததை, சூடான பாத்திரம் வைக்க அவள் கொண்டுவந்திருந்தாள். அது நடுவில் மேடு தட்டியிருந்தது.

"கோணல் தகட்ட எதுக்கு எடுத்துட்டு வந்த?"

"உலைக்குள்ள நேராத்தான் போச்சு. வெளிய வந்து ஆறும்போதுதான் வளையும். இரும்பு சுருங்கப் பாக்குது, கண்ணாடி அந்த அளவுக்குச் சுருங்காது. இது அத இறுக்கும், அது இத வளைக்கும். நம்ம ரெண்டு பேரு மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. குழம்புக் கையோடு தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தொட்டியில கண்ணாடி எப்பவும் இறுக்கத்துலதான் இருக்குமா?"

"பின்ன? அந்த இறுக்கம் போனப்புறம்தான விரியும். இது எங்க கூடத்துல கூட்டிப் பெருக்குறவளுக்கே தெரியும்."

தோல் எந்தச் சூட்டில் இழுப்பும் இறுக்கமும் இல்லாமல் இருந்தது என்று கேட்க, கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் உண்டு. நாம் ஒன்றும் எழுதாவிட்டால் அதுவாகவே அறைச்சூட்டைப் போட்டுக்கொள்ளும். அவர் எழுதவில்லை. உலையையே பார்க்காத பூச்சைப் பூசி, அது தாங்கவில்லை என்று அழுதுகொண்டிருந்திருக்கிறார். இத்தனை வருடம் தகடு தடியாக இருந்ததால் எப்படிப் போட்டாலும் நீலமாகத்தான் வந்தது, தப்பு வெளியே தெரியவில்லை.

திங்கட்கிழமை, கண்ணாடி இறுகுகிற சூட்டை அந்தக் கட்டத்தில் போட்டு ஓடவிட்டார். மூலை நீலமானது. ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் இரண்டுங்கெட்டானாக மஞ்சள்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் மேடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை.

"சனிக்கிழமை சிவப்பு, இன்னைக்கு நீலம். நடுவுல ஞாயித்துக்கிழமை வீட்டுல சாப்பாடு பலமா, சார்?"

"நான் சொல்றத நம்ப வேண்டாம், மேடம்." பையிலிருந்து தகட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதே தகட்டையும் கம்ப்யூட்டர்ல செஞ்சு ஆறவிட்டேன். நடுவுல மூணு மில்லிமீட்டர் தூக்கும்னு சொல்லுது. நான் அளக்கல. நீங்களே யாரையாவது விட்டு அளங்க."

தரம் பார்க்கிறவர் அளவுகோலோடு வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூணு. ஒரு மயிரிழை கூடுதலா இருக்கும்."

மேடம் தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன, மஞ்சளா?"

"குழம்பு, மேடம்."

"சரி. மெல்லிசுத் தகட்டுல இருபது தொட்டி பூசச் சொல்லுங்க. அந்த மஞ்சள் மூலைய எனக்கு உடைச்சுக் காட்டணும். உடையலேன்னா கூடம் இருக்கும்."

பூசினார்கள். மூன்று வாரம் அழுத்தமும் சூடும் மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஒன்றுகூட விரியவில்லை. கூடம் இருந்தது.

ஆனால் வீட்டில் அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிவிட்டாள்.

"ஒரே ஒரு கட்டம். அதுல ஒண்ணும் எழுதல. அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

"இருபத்திரண்டு வருஷமா."

"ஆமாம்மா."

மறுநாள் காலை அவர் பூச்சுக் கூடத்து வாசலைத் தாண்டும்போது உள்ளே இருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல உலையப் பத்த வச்சாச்சா?"

பதினொரு பேரும் சிரித்தார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடியே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.