நீண்டு கிடந்த கிருமிகள்

இருபது வருடமாகக் கிருமிகளோடு குடும்பம் நடத்துகிறவள் நான். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில், நோயாளியின் சிறுநீர், சளியைத் தட்டில் தடவிக் கிருமி முளைக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் வேலை எனக்கு. டாக்டர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, பயம் கிடையாது. கண்ணால் பார்த்ததைச் சொல்ல எதற்குப் பயம்?

அன்று காலை ஒரு கர்ப்பிணியின் சிறுநீர்க் கல்ச்சர் தட்டைத் திறந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஏழு மாத வயிறும் குளிர்காய்ச்சலுமாகக் கொட்டாரம் ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்ததால், தட்டும் சுத்தம் என்றால் டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் அதே சிறுநீரை ஸ்லைடில் வைத்துப் பார்த்திருந்தேன். குட்டையாக இருக்க வேண்டிய கிருமிகள் அதில் நூல் நூலாக நீண்டு கிடந்தன.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கிருமி வெளியிலிருந்து சர்க்கரை, புரதத் துணுக்கு என்று கிடைப்பதையெல்லாம் உள்ளே இழுத்து, அதிலேயே செங்கல் அறுத்து, தன் சுவரைக் கட்டிக்கொண்டே வளரும். குடியிருந்துகொண்டே வீட்டைப் பெரிதாக்குகிற நம் ஊர்க்காரர்களைப் போலத்தான். பழைய சுவரில் உதிர்ந்த துண்டைக்கூட வீணாக்காது, உள்ளே எடுத்து மறுபடி பயன்படுத்தும். போதுமான அளவு வளர்ந்ததும் நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியும். சில மருந்துகள் கெடுப்பது இந்தச் சுவர் வேலையைத்தான். முழு அளவில் கொடுத்தால் சுவர் விண்டு கிருமி வெடித்துச் சாகும். அரைகுறையாகக் கொடுத்தால் குறுக்குச் சுவர் மட்டும் எழும்பாது. கிருமி தின்னும், நீளும், சாகாது. மருந்தை விட்டதும் பிரிந்து பெருகும்.

அப்படியானால் இவள் மருந்து தின்றிருக்கிறாள், அதுவும் குறைவாக. சிறுநீரோடு வந்த அந்த மருந்துதான் தட்டிலும் முளைக்கவிடவில்லை. கேஸ் ஷீட்டிலோ எதுவும் எடுக்கவில்லை என்றிருந்தது. வார்டுக்குப் போய், துணைக்கிருந்த அவள் மாமியார் சாயா வாங்க இறங்கும்வரை காத்திருந்தேன்.

“மருந்து ஏதும் தின்னியா மக்கா?”

“இல்லக்கா.”

“என்கிட்ட பொய் சொல்லாத, கேட்டியா. ஒன் மூத்திரம் எல்லாத்தயும் சொல்லிட்டுது.”

சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள். புருஷன் துபாயிலிருந்து கொண்டுவந்த காப்சூலாம். மூன்று வேளை தின்ன வேண்டியதை நாளுக்கு ஒன்றாக நான்கு நாள் தின்றிருக்கிறாள். திட்டுவார்கள் என்று மறைத்திருக்கிறாள்.

டாக்டரைக் கையோடு அழைத்துவந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தேன். “தட்டில் ஒன்றுமில்லையே” என்றவர், குனிந்து பார்த்து, காப்சூல் கதையையும் கேட்டுக்கொண்டார். அந்த மருந்து உடம்பிலிருந்து வடிந்ததும் புதிதாகச் சாம்பிள் எடுக்கச் சொன்னார். டிஸ்சார்ஜ் ரத்தானது. அடுத்த தட்டில் கிருமி முளைத்து நின்றது. அதற்குக் கேட்கிற ஊசியை, ஒரு வேளை தவறாமல், கடைசி நாள்வரை போட்டார்கள்.

காய்ச்சல் விட்டு, வயிற்றுப்பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்று தெரிந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவளே லேப் வாசலுக்கு வந்தாள். பையிலிருந்து காப்சூல் அட்டையை எடுத்து நீட்டினாள். ஆறு மீதி இருந்தது.

“மூணு நேரம் திங்கதுக்கு என்ன கேடு? மிச்சம் பிடிச்சு என்ன செய்யப் போற?”

வயிற்றைத் தடவிக்கொண்டாள். “பிள்ள பெறந்து காய்ச்சல் கீச்சல் வந்தா குடுக்கலாம்னுதான்க்கா.”

அவளைத் திட்டுவதற்கென்றே ஒரு வாரமாக வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். அட்டையை வாங்கி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.