எல்லாருக்கும் நூல்

காலை எட்டேகால் மணி. காஞ்சிபுரத்தில் முந்தின வாரம் திறந்த நூல் நிலையத்தின் பூட்டிய கதவுக்கு முன் ஆறு காலிக் கூடைகள் இருந்தன. பக்கத்தில் மாகறல் கிராமத்து நெசவாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எதுக்கு வந்தீங்க?” என்றேன்.

“நூல் வாங்கத்தான், ஐயா. இங்க எல்லாருக்கும் காசில்லாம நூல் தராங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குதாமே! பத்து நாளா நூலில்லாம தறி நிக்குது. விடியறதுக்கு முன்னயே நடந்துக்கினு வந்தோம்,” என்றார் ஒரு பெண்.

அந்தச் செய்தியை எழுதியவன் நான். ‘புத்தகம்’ என்று எழுதிவிட்டு, ‘நூல்’ கம்பீரமாக இருக்கிறதென்று மாற்றியதும் நான்தான்.

“இது படிக்கிற நூல்மா. புஸ்தகம்.”

அவர் காலிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு, “நெய்யற ஊர்ல இப்படியா எழுதுவான் ஒருத்தன்? அவனைப் பாத்தா கேளுங்க, ஐயா,” என்றார்.

“கேக்கறேன்மா,” என்றேன்.