பரணிலிருந்து விழுந்த ஸ்வெட்டர்

அந்த ஸ்வெட்டரை முதலில் போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் இவள் என்னமோ பெரிய தியாகி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மெரூன் நிறம், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. எங்களோடு பிளஸ் ஒன் சேர்ந்த ஒரு செண்பகனூர்ப் பையனுடையது. அவன் அப்பா டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர். அவன் நன்றாகச் சிரிப்பான். அவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது என்று புரிய எனக்கு நாளானது.

எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் அவள், "சனியனே, மூஞ்சியத் தொடை" என்பாள். அவள் அம்மா எனக்கு அத்தை, என் அம்மா அவளுக்கு அத்தை. கவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் போகும் காலைப் பேருந்து எங்கள் ஊரில் நிற்கும். அதில் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட் எங்களுடையது. வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும் என்பதால் ஜன்னலோரம் அவளுக்கு. நான் தாமதமாக ஓடி வரும் நாட்களில் அவள் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "இருங்கண்ணே, அவ வந்துக்கிட்டே இருக்கா, எடுத்துராதீங்கண்ணே" என்று டிரைவரிடம் கெஞ்சுவாள். அவள் தாமதமானால் நான் கெஞ்சுவேன். டிரைவர் எங்களைக் கரித்துக் கொட்டிக்கொண்டே நிற்பார்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை பத்தாவதுக்கு மேல் படிக்க பேருந்து ஏறுவதே பெரிய காரியம். மேலத்தெருவில் ஒரு அக்கா ஏறிப் போனாள். ஏரிக்கரையில் ஒரு பையனோடு சோளம் தின்றுகொண்டு நின்றதை யாரோ பார்த்து வந்து சொன்னார்கள். மறுநாள் அவள் பேருந்து ஏறவில்லை. அந்த வருஷமே உடுமலைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய புத்தகப்பை வெகுநாள் மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்கியது. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அப்பா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "ஒரு சொல்லு எங்காதுல விழுந்துச்சுன்னு வையி, அன்னைக்கே பையைத் தூக்கிப் போட்டுட்டு கேரட் கழுவ வந்துரணும். பாத்துக்க." எனக்கு நர்சிங் படிக்க வேண்டும். அவளுக்கும் அதுதான். இரண்டு பேரும் மதுரையில் ஒரே ஹாஸ்டலில் ஒரே ரூம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தோம்.

அப்படி இருந்தும் பழகினேன். பதினாறு வயதில் யாருக்குப் புத்தி இருந்தது? கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் டியூஷன் முடிந்து பனியில் நடுங்கிக்கொண்டு நின்றேன். அவன் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தான். வலது கைப்பட்டியில் கம்பளி பிரிந்து தொங்கியது. என்னிடம் கறுப்பு நூல்தான் இருந்தது. மதிய இடைவேளையில் அதை வைத்தே தைத்துக் கொடுத்தேன். என் தையல் எப்போதும் நெருக்கமாக, கொஞ்சம் சாய்வாக விழும். அம்மா கற்றுக்கொடுத்த பழக்கம் அது. அவன் அதைத் தடவிப் பார்த்து, "சூப்பரா இருக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனையோ மாதம் ஓட்டினேன்.

பிளஸ் டூ வந்ததும் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை. கேரட் எடுக்கிற நேரம் வேறு. சமையல், மாடு, காடு என்று எல்லாச் சோலியும் என் தலையில் விழுந்தது. சில வாரம் நான் பள்ளிக்குப் போகவில்லை. எங்கள் ஊரில் டவரும் கிடையாது, எனக்கென்று போனும் கிடையாது. தினமும் சாயந்திரம் சிநேகிதி வந்து பாடம் சொல்லிவிட்டுப் போவாள். அவனைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்கான், ஒன்னயக் கேட்டான்" என்பாள். வரவர அதைச் சுருக்கமாகச் சொன்னாள். அப்புறம் நான் கேட்டால் மட்டும் சொன்னாள்.

நான் திரும்பிப் போனபோது அவன் என்னைப் பார்த்துச் சிரித்த விதமே மாறியிருந்தது. "எக்ஸாம் டென்ஷன். கொஞ்ச நாள் ஸ்பேஸ் வேணும்" என்றான். ஸ்பேஸாம்! எங்கிருந்து பிடித்தானோ அந்த வார்த்தையை. சரி, படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் லேப் வாசலில் என்னை உரசிக்கொண்டு போனான். அந்த மெரூன் ஸ்வெட்டரிலிருந்து பூண்டுப் புகை வாசம் அடித்தது.

மலைப்பூண்டைப் பிடுங்கி, தாளோடு கட்டுக்கட்டாக முடிந்து, வீட்டுப் பரணில் தொங்கவிட்டு, அடியில் புகை போடுவோம். அப்போதுதான் கெடாது. வீட்டில் இருக்கிற துணிமணி, பாய், தலைமயிர் எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறிவிடும். டவுன் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் உட்காரவே மூக்கைச் சுளிப்பார்கள். செண்பகனூர் வீட்டில் அந்த வாசத்துக்கு வழியே இல்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் கேரட்டுதான், பரண் காலி. பூண்டு தொங்கியது அடுத்த வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம். நான் லேப்புக்குள் போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன். "ஒங்க வீட்டுப் பரண் வாசம் அவன் மேல எப்புடி வந்துச்சு?"

அவள் முகம் செத்துப்போனது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நானாப் போகலடி. அவன்தான் வந்தான்" என்றாள்.

"வந்தா? வெளக்கமாத்தால சாத்தித் தொரத்தத் தெரியாதா ஒனக்கு?"

"ஒனக்கு மட்டுந்தான் ஆசை இருக்கணுமா?" என்றாள். எவ்வளவு மெதுவாகச் சொன்னாள்! ஓங்கி அறையலாம் போல இருந்தது. முன் சீட்டில் எங்கள் ஊர்ச் சித்தி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதனால் தப்பித்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் சீட்டை மாற்ற முடியாது. பேருந்து முழுக்க ஊர்க்காரர்கள். நான் ஒரு நாள் பின்னால் போய் உட்கார்ந்தால் போதும், "என்ன புள்ளைகளா, சண்டையா? எதுக்கு?" என்று தொடங்கி, பொழுது சாய்வதற்குள் இரண்டு வீட்டுக்கும் சேதி வந்துவிடும். எதற்குச் சண்டை என்று தோண்டினால் இரண்டு பேர் படிப்புக்கும் சேர்த்துக் குழி. ஆகவே தினமும் காலையும் மாலையும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி வெறுத்தோம். வளைவில் அவளுக்குக் குமட்டினால் நான் எலுமிச்சையை எடுத்து நீட்டுவேன், முகத்தைப் பார்க்காமல். அவளும் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுப் பூண்டை இறக்கினார்கள். விலை சட்டென்று ஏறிவிட்டது என்று வடுகபட்டி வியாபாரி வெள்ளனே வண்டியோடு வந்து நின்றார். விலை ஏற இன்னும் நாளாகும் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அவளும் அதை நம்பித்தான் இருந்திருக்கிறாள். ஒரு வீட்டுப் பூண்டை இறக்க அடுத்த வீட்டு ஆட்கள் போவது எங்கள் வழக்கம். நானும் அம்மாவும் போனோம். அவள் அப்பா பரணில் ஏறி நின்று கட்டுகளை அவிழ்த்து நீட்ட, கீழே நாங்கள் வாங்கி அடுக்கினோம். உள்ளே கடைசி வரிசையில் ஒரு கட்டை அவர் இழுத்தபோது, அதோடு சேர்ந்து அந்த ஸ்வெட்டர் விழுந்தது. சரியாக அவள் காலடியில்.

அவளுடைய பெட்டியை அவள் அம்மா வாரம் தவறாமல் குடைவாள். அந்த வீட்டில் யார் கையும் படாத இடம், பூண்டு தொங்கும்வரை பரண் ஒன்றுதான். அவனிடம் மறுபடி வாங்கி வந்து அங்கே கொண்டுபோய்ச் செருகியிருக்கிறாள், லூசு.

"ஏய், யாரு ஸ்வெட்டர் இது? ஆம்பளைப் பய உடுப்பு இங்க எப்புடி வந்துச்சு?" அவள் அப்பா ஏணியில் பாதி இறங்கிவிட்டார். அத்தை கையில் இருந்த கட்டைக் கீழே போட்டாள். சிநேகிதி என்னைப் பார்த்தாள். பல வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

எனக்கு மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்கிய பை ஞாபகம் வந்தது. அவள் மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் துளிகூடக் குறையவில்லை. ஆனால் அவள் நாசமாகப் போகவேண்டும் என்று நான் நினைத்தபோதெல்லாம், அவன் அவளை விட்டுப் போகவேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் படிப்பு போகவேண்டும் என்று நினைத்ததே இல்லை. "எங்கண்ணனுது மாமா. இவ குளிருதுன்னு சொன்னா, நாந்தான் குடுத்தேன்" என்றேன். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மாமா ஏணியைப் பிடித்தபடியே, "அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று மறுபடி மேலே ஏறினார். வேலை நடந்தது. வண்டி போனது.

அம்மா மட்டும் அந்த ஸ்வெட்டரை மடித்து எடுத்து வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பு வெளிச்சத்தில் கைப்பட்டியைத் திருப்பினாள்.

"அண்ணன்கிட்ட இப்புடி ஒண்ணு கிடையாது. தையல் ஒன் தையல். யாருது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். அத்தையும் மாமாவும் கணக்கு முடிக்க வியாபாரியோடு அந்த வண்டியிலேயே போயிருந்தார்கள். சிநேகிதி தனியாகத்தான் இருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"நெசத்தைச் சொல்லு ஆத்தா. ஒங்கம்மா காதுக்குப் போகாது. யாருது?"

அவள் தெரியாது என்று சொல்லலாம். என்னைப் போலவே பேசாமலும் இருக்கலாம். சொல்லுடி, தெரியாதுன்னு சொல்லு என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செண்பகனூர்ல ஒரு பையன் அத்தை. அவ பழகுற பையன். அவதான் ஒளிச்சு வைக்கச் சொன்னா."

கடைசி வாக்கியம் மட்டும்தான் பொய். பையன் நான் பழகிய பையன்தான், தையல் என் தையல்தான், ஸ்வெட்டர் எங்களுடையது என்று ஊர் முன்னால் சொன்னவளும் நானேதான். நான் எதை மறுப்பது? அவளை இழுத்துவிட்டால் அவள் பையும் ஆணியில் ஏறும், என் பை இறங்கிவிடாது. அழுதேன். அம்மாவும் அழுதாள், ஆனால் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா அடிக்கவில்லை. "வெள்ளனே எந்திரிச்சு கேரட்டுக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னார்.

அவனா? அவனுக்கு அதற்குள் டவுனில் வேறு ஒருத்தி கிடைத்துவிட்டாளாம். அந்த ஸ்வெட்டரைக் கேட்டுக்கூட ஆள் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை காலை. கேரட் கழுவுகிற ஓடை, பேருந்து நிற்கும் இடத்துக்குக் கீழேயே இருக்கிறது. முழங்கால் வரை ஐஸ் தண்ணீரில் நின்று, சாக்கில் கொட்டிய கேரட்டை மண் போகக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். பேருந்து வந்து நின்றது. அவள் ஏறினாள். டிரைவர் வழக்கம்போல எடுக்காமல் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். அப்பா தலை நிமிரவில்லை. நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"எங்க இன்னொருத்தி? வெரசா வரச் சொல்லு" என்று டிரைவர் கத்தினார்.

படிக்கட்டில் யாரும் கால் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. எங்கள் சீட்டின் ஜன்னலிலிருந்து அவள் குரல் கேட்டது. அழுகை இல்லை, நடுக்கம் இல்லை, தினமும் பேசுகிற குரல்தான்.

"அவ இனிமே வரமாட்டாண்ணே. நீங்க எடுங்க."

பேருந்து கிளம்பி வளைவில் திரும்பியது. அப்பா அடுத்த சாக்கை ஓடையில் இறக்கினார்.