மறியலுக்குப் போகக் கேட்டவள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீதவான் நீதிமன்றம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கூண்டில் நிற்பவர் சிங்களத்தில் சொல்வதை நீதவானுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதை ஒழுங்காகச் செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒருநாள் காலை மூன்று பெண்களைப் பொலிஸார் கொண்டுவந்தார்கள். மசாஜ் நிலையம் என்ற பெயரில் பாலியல் தொழில் நடந்த இடமொன்றைச் சுற்றிவளைத்தபோது பிடிபட்டவர்கள், மூவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். இப்படியான வழக்குகள் எங்களுக்குப் பழகிப்போனவை. பெண் கூண்டில் ஏறுவாள், குற்றத்தை ஒப்புக்கொள்வாள், தண்டம் கட்டியதும் போய்விடுவாள். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பொலிஸாருக்கு ஒரு வழக்கு முடியும், நீதிமன்றத்துக்கு ஒரு கோப்புக் குறையும். தண்டத்தைக் கட்டுகிற மனிதர் யார், இவளுக்கு அவர் என்ன முறை என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்று கட்ட வந்தவர் விறாந்தையில் நின்றார். வெள்ளைச் சேர்ட், நெற்றியில் சந்தனம். கலியாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு பெண்களும் ஒப்புக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

மூன்றாமவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கூண்டுக்குப் பக்கத்தில் காத்து நின்றபோது என்னிடம் மெல்லக் கதை கொடுத்தாள். அவள் பேசியது சிங்களம். என் ஞாபகத்தில் அது எங்கள் தமிழாகவே நிற்கிறது.

“மிஸ், குற்றவாளி எண்டு சொன்னால் இண்டைக்கே விட்டிடுவினமோ?”

“ஓம் தங்கச்சி. தண்டம் கட்டின உடனை போகலாம்.”

ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் வெளிறிப்போயிற்று. விறாந்தைப் பக்கம் பார்த்தாள்.

“அந்தாள்தான் கட்டுவாரோ?”

“ஓம், அதுக்குத்தானே வந்து நிக்கிறார்.”

“அப்ப மறியலுக்கு, ஜெயிலுக்குப் போகவேணுமெண்டால் நான் என்ன சொல்லவேணும், மிஸ்?”

அந்த மனிதர்தான் ஹோட்டல் வேலை என்று சொல்லிக் கூட்டிவந்தாராம். அடையாள அட்டையும் போனும் அவர் கையில். அறையை வெளியில் பூட்டுவார்களாம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். “என்னை அவரோடை விட்டிடாதேங்கோ. உள்ளை போட்டாலும் பரவாயில்லை.”

‘சுற்றவாளி என்று சொல், நீ குற்றமில்லாதவள் என்று அர்த்தம், வழக்கு நீளும், இன்றே தண்டம் கட்டி அவர் உன்னைக் கூட்டிப்போக முடியாது.’ அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாய்வரை வந்தது. ஆனால் பெண் பொலிஸ் பக்கத்திலேயே நின்றாள். கூண்டில் ஏறப்போகிறவளுக்கு மொழிபெயர்ப்பாளர் புத்தி சொல்லக் கூடாது. விழுங்கிக்கொண்டேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். குற்றச்சாட்டை அவளுக்குச் சிங்களத்தில் சொல்லி, குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்டேன். அவள் நீதவானைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

“கெதியாய்ச் சொல்லச் சொல்லுங்கோ” என்றார் பொலிஸ் சார்ஜன்.

விறாந்தையிலிருந்து வாசலுக்கு வந்து நின்ற அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்தார். உள்ளங்கையில் மெல்லத் தட்டினார். அவள் கண்டாள். நானும் கண்டேன்.

“குற்றவாளி” என்றாள்.

நீதவான் என் பக்கம் திரும்பினார். அவள் சொன்ன மற்ற எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் கூண்டில் ஏற முதல் சொன்னவை. கூண்டில் அவள் சொன்னது ஒரே ஒரு சொல்.

“குற்றவாளி, சேர்.”

கொஞ்ச நேரத்தில் தண்டத்தைக் கட்டிவிட்டு அந்த மனிதர் முன்னால் நடக்க, மூன்று பெண்களும் பின்னால் போனார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதிய இடைவேளையில் தாங்க முடியாமல் நீதவானின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை.

“அந்த நேரமே சொல்லியிருக்கலாமே. நான் கேட்டிருப்பன்.”

“கூண்டிலை சொன்னதைத்தானே சேர் நான் சொல்லலாம்?”

“அந்த விதி வாக்குமூலத்துக்கு, பிள்ளை. ஒருத்தி உதவி கேட்டால் அதுக்கில்லை.”

உடனே பொலிஸுக்கு போன் எடுத்தார். அவர்கள் போனபோது மசாஜ் நிலையம் பூட்டிக் கிடந்தது, பெயர்ப்பலகையையும் காணவில்லை. கோப்பில் இருந்த அவளுடைய விலாசமும் அதே மசாஜ் நிலையத்துடையதுதான். இன்றுவரை அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இந்தத் தொழிலைச் சட்டமாக்க வேண்டும் என்று சிலர், அடியோடு ஒழிக்க வேண்டும் என்று சிலர் கூட்டங்களில் வாதாடுகிறார்கள். கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். முதலில் அந்தப் பெண்ணைக் கூண்டிலிருந்து இறக்குங்கள். அந்த மனிதரின் கண் படாத ஓர் அறையில் வைத்து, நீ விரும்பித்தான் வந்தாயா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அவரைக் கூண்டில் ஏற்றுங்கள். நான் இதை எல்லா இடத்திலும் சத்தமாகச் சொல்கிறேன், ஆட்கள் தலையாட்டுகிறார்கள்.

ஆனால் அன்று அந்தக் கட்டடத்தில் அவள் உதவி கேட்டது என்னிடம் மட்டும்தான். நான் அவளை அவரோடு அனுப்பிவைத்தேன்.