வைகைக் கரையில் ஆள் எண்ணிய மூன்று நாட்கள்

வைகையின் வடகரையில் புதிதாகப் போட்ட சாலையோரம் மூன்று நாள் உட்கார்ந்து ஆள் எண்ணினேன். அப்போது அதுதான் என் வேலை. ஆற்றங்கரையைச் சீரமைக்கும் திட்டத்தில், நடந்து போகிறவர்கள் சாலையைக் கடக்க எங்கெங்கே வழி வேண்டும் என்று கணக்கெடுக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். திருநகரிலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்து, மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். ஒருவர் சாலையைக் கடந்தால் கையிலிருக்கும் கருவியில் ஒரு அமுக்கு.

எனக்கு எதிரே ஒரு சந்து. அங்கிருந்து வரும் பெண்கள் சாலையைத் தாண்டி, ஆற்றுச் சுவரில் விட்டிருந்த இடைவெளி வழியாக இறங்கி, தரைப்பாலத்தில் நடந்து தென்கரைக்கு வேலைக்குப் போவார்கள். முன்பு அந்த இடத்தில் மண்பாதைதான். இப்போது வழவழப்பான சாலை, சிக்னலும் கிடையாது. வண்டிகள் பறந்தன. பெண்கள் ஓரத்தில் நிற்பார்கள், இரண்டடி எடுத்து வைப்பார்கள், ஹாரன் கேட்டதும் பின்வாங்குவார்கள்.

முதல் நாள், சந்து முனையில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா எனக்கு டீ கொண்டுவந்தார்.

“ஏத்தா, காலையில இருந்து என்னத்த அமுக்கிக்கிட்டே இருக்க?”

“எத்தனை பேரு ரோட்டைத் தாண்டுறாங்கன்னு எண்ணுறேன்க்கா. நெறையப் பேரு தாண்டுனா, இங்க ரோட்டைக் கொஞ்சம் மேடாக்கி, நடக்குறதுக்கு வழி போட்டுத் தருவாங்க.”

“நெறையன்னா எம்புட்டு?”

“அது எனக்குத் தெரியாதுக்கா. ஆபீஸ்லதான் முடிவு பண்ணுவாங்க.”

எதற்காக எண்ணுகிறோம் என்று அங்குள்ளவர்களிடம் சொல்லக் கூடாது என்று பயிற்சியிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். டீ குடித்த வேகத்தில் மறந்துவிட்டேன்.

மறுநாள் கூட்டம் அலைமோதியது. அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வலித்தது. முதலில் எனக்கு ஒரே சந்தோஷம். பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா நான்காவது முறையாகக் கடந்தபோதுதான் சந்தேகம் வந்தது. கவனித்துப் பார்த்தேன். லுங்கியும் கையில் பேப்பருமாக ஒருவர் படித்தபடியே போவதும் வருவதுமாக இருந்தார். இட்லிக்கடையில் ஆளே இல்லை. அக்கா நடுரோட்டில் நின்று எல்லோரையும் வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு ஷேர் ஆட்டோ வேறு வழியில்லாமல் நின்றது.

“என்னக்கா, மறியலா?” என்று டிரைவர் கேட்டார்.

“மறியலெல்லாம் இல்ல மாப்ள, சும்மா நடக்குறோம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எழுந்து போய் அக்காவை ஓரமாக அழைத்தேன். “இப்படிச் செஞ்சா நான் எழுதுனது அம்புட்டும் பொய்யின்னு தூக்கிப் போட்டுருவாங்கக்கா. அப்புறம் ஒண்ணுமே வராது.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “போன மாசம் எங்க நாத்தனாளை இந்த எடத்துலதான் பைக்குல இடிச்சுட்டான். கால்ல இன்னும் கட்டு பிரிக்கல. அதான்த்தா...” என்றார்.

அலுவலகத்திலிருந்த எங்கள் பொறியாளருக்குப் போன் செய்து, நான் வாயை விட்டதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டது. “இன்னைக்குக் கணக்கைச் சேர்க்காதீங்க. நாளைக்குத் திரும்ப எடுங்க” என்றார்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. “சார், ஒவ்வொருத்தரும் எவ்வளவு நேரம் காத்து நிக்குறாங்கன்னும் எழுதட்டுமா?”

“படிவத்துல அதுக்கு இடம் இல்லையேம்மா.”

“பின்பக்கம் எழுதுறேன் சார்.”

மூன்றாம் நாள் அந்த மஞ்சள் மேல்சட்டையைப் போடாமல் இட்லிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வேலை இருக்கிறவர்கள் மட்டும்தான் தாண்டவேண்டும் என்று அக்கா சந்து முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் தாளின் பின்பக்கம் நிரம்பியது. யார் எவ்வளவு நேரம் நின்றார்கள், எத்தனை முறை பின்வாங்கினார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்று நின்று பார்த்துவிட்டு, தள்ளியிருக்கும் பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போகத் திரும்பி நடந்தாள். கடக்காதவளை எண்ணக் கருவியில் வழியில்லை. அவளையும் எழுதினேன்.

அந்தப் பின்பக்கத்தைப் பொறியாளர் திட்ட அதிகாரிகளின் கூட்டத்தில் வாசித்துக் காட்டினாராம். சில மாதங்களில் அங்கே சாலையை மேடாக்கி வெள்ளைக் கோடு போட்டார்கள். கீழே மழைநீர்க் கால்வாய் போவதால் சந்துக்கு நேராக வராமல் கொஞ்சம் தள்ளி அமைந்துவிட்டது. அதைப் பார்க்க ஒரு நாள் காலையில் போனேன். அக்காவுக்கு அதில் ஒரு குறை. “எனக்காகச் சொல்லல, கடைக்கு நேரா இருந்தா பார்க்க நல்லா இருக்கும்ல” என்றார். நான் சிரித்தேன்.

அன்று காலை அந்தப் பெண்களோடு நானும் கடந்தேன். வண்டிகள் மேட்டைக் கண்டதும் வேகம் குறைந்தன. பக்கத்தில் வந்தவர் முந்தின நாள் வைத்த மீன் குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். சாலையின் நடுவிலும் அந்தப் பேச்சை அவர் நிறுத்தவில்லை. தரைப்பாலத்தில் பாதி தூரம் வரை அவர்களுடன் நடந்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். ஏன் தாமதம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.