அவர் அழித்த சொல்

பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப நான் போகும் செங்கம் சாலை பிரவுசிங் சென்டரின் உரிமையாளர் மெலிந்த மனிதர். எந்த மின்னஞ்சலையும் இருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே அனுப்புவார். அவருடைய கணினிகளில் இருந்த இலவச மென்பொருளில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அந்த மென்பொருளைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரரிடம் புதிய பதிப்பு கேட்டு எழுதினார். தான் சோதித்துப் பார்த்ததையெல்லாம் விவரித்துவிட்டு, கடைசியில் இருந்த ‘உடனே’யை அழித்தார்.

“ஈ ஓட்டிட்டு இருக்கீங்க. அவசரம்னு போடுங்க சார்,” என்றேன்.

“அவசரம் நம்மளுதுங்க. அவரு சும்மா செஞ்சு தர்றாரு.”

மறுநாள் பதில் வந்தது. தன் அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், இப்போது முடியாது என்று.

உரிமையாளர் அந்த அம்மாவின் உடல்நிலையை மட்டும் விசாரித்து நான்கு வரி எழுதினார். இருமுறை படித்தார். அப்போது சென்டரில் எங்களைத் தவிர யாருமில்லை.