பெட்டரி றோலண்டின் நல்ல காற்று

ஹட்டன் பஸ் கொட்டகலைக் கடைவீதித் திருப்பத்தில் தலையைக் காட்டியதும் றோலண்ட் கடைப்பூட்டைத் திறந்தது பாதி திறக்காதது பாதியாக விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். பஸ் நிற்கும், ஆட்களை இறக்கும், ஒரு பாட்டம் கரும்புகையைக் கக்கிவிட்டுப் போகும். அது போன பிறகும் மனதுக்குள் நூறு வரை எண்ணுவார். எண்ணி முடித்தால்தான் கதவு திறக்கும். உள்ளே போனதும் கதவைச் சாத்துவார், ஜன்னலையும் சாத்துவார், முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். "இனி நம்ம காத்துதான்" என்று நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துவிட்டு, ஈயச் சட்டிக்குக் கீழே அடுப்பைப் பற்றவைப்பார்.

இருபத்தேழு வருடமாக அதே கடை. வயது ஐம்பத்து நான்கு. த்ரீவீல், லொறி, மரக்கறி ஏற்றும் வேன் எல்லாவற்றின் செத்த பெட்டரிகளும் கடைசியில் றோலண்டிடம் வந்து சேரும். உளி வைத்துப் பிளந்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி, இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, புதுப் பெட்டரிக்கு வேண்டிய துண்டுகளை வார்ப்பார். மேசையில் சாம்பல் நிறத் தூள் படியும். வாயால் ஊதித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் பணிஸைப் பிய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ஈயம் ஆறுனா கல்லுங்க. கல்லு ஆளக் கொல்லுமா? பொகைதான் கொல்லும்."

உடம்பைப் பேணுவதில் அவரைப் போல ஒருவர் கடைவீதியில் கிடையாது. பீடி சிகரெட் இல்லை. பிளேன்டீயில் சீனி இல்லை. பத்திரிகையில் வரும் சுகாதாரக் குறிப்புகளை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அசிட் தெறித்துச் சில குறிப்புகளில் ஓட்டை விழுந்திருக்கும். பெட்டரி சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கும் சாரதிகளுக்கு அவற்றை வாசித்துக் காட்டுவார். அவர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, எழுந்து போக வழியில்லை.

மரக்கறி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. நுவரெலியா மரக்கறி என்றால் முகத்தைச் சுளிப்பார். "அதெல்லாம் மருந்துலயே குளிச்சு வருதுங்க." அவருடைய மனைவி டோரீன் தேயிலைக் கொழுந்து பறிக்கிற தோட்டத்தில்தான் அவர்களுடைய வீடு, தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா. அதன் பின்னால் அவர் சொந்தமாகக் கீரை வளர்த்தார். மண் நிரப்பிய பதினொரு பெட்டிகளில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தளதளவென்று நின்றன. பெட்டிகள் அனைத்தும் பழைய பெட்டரியின் வெற்றுக் கூடுகள். உறுதியானவை, மழைக்கு உக்காதவை. லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று இனாமாகக் கொடுத்தும் இருந்தார்.

வல்லாரை பேத்தி மெலனிக்கு. அது மூளைக்கு நல்லது என்று சுவரில் ஒட்டிய குறிப்பு ஒன்று சொல்லியிருந்தது. மகள் ஷிராணி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். அவளோடு ஒற்றை அறையில் இருந்த குழந்தையை, நடக்கத் தொடங்கிய கையோடு, இவர்தான் பிடிவாதமாக மலைக்குக் கொண்டுவந்தார். "கொழும்புல என்னடி இருக்கு? காத்தா இருக்கு? பொகைதானே இருக்கு! புள்ள நம்ம காத்த வாங்கி வளரட்டும்." ஷிராணி அழுதாள். பிறகு, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சம்மதித்தாள். மாலையில் அவர் வேலைச் சட்டையோடு படியேறும்போதே மெலனி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வார். சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போவாள்.

அவருக்கும் உடம்பில் சில்லறைக் கோளாறுகள் இருந்தன. வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி வரும். அதற்கு டோரீனின் மாசிச் சம்பல் காரணம். மூட்டுவலிக்குப் பனி காரணம். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபம் வருவதற்கும், வலது கை மணிக்கட்டு சோர்ந்து தேநீர்க் கோப்பை நழுவுவதற்கும் என்ன காரணம் என்று நெடுநாள் யோசித்தார். யோசித்து, எல்லாவற்றுக்கும் பஸ்ஸே மூலம் என்று கண்டுபிடித்தார்.

உடனே சுகாதார அலுவலகத்துக்கு மனு எழுதினார், மூன்று பக்கம். "இந்தக் காற்றைச் சுவாசிக்கும் பச்சிளம் குழந்தைகளின் மூளை வளர்ச்சி தடைப்படும் என்பதை மிகுந்த மனவேதனையோடு அறியத்தருகிறேன்" என்ற வரிக்குச் சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டார். பஸ் சாரதி சின்னராசாவுக்குச் சேதி எட்டியது. ஒருநாள் பஸ்ஸை நிறுத்தித் தலையை நீட்டினான்.

"அண்ணே, எம்மேல பெட்டிசனாமே? ஒங்க கடையிலருந்துதாண்ணே எனக்கு வாடை அடிக்குது!"

"போடா! அது தொழில் வாசம்" என்றார் றோலண்ட்.

மனுவுக்குப் பலன் கிடைத்தது. யோகேஸ்வரன் என்ற சுகாதாரப் பரிசோதகர் ஒரு காலை நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். றோலண்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சேர். இன்னும் அஞ்சு நிமிசத்துல வந்துருவான். ஒங்க கண்ணாலயே பாத்துருங்க."

யோகேஸ்வரன் உட்காரவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

"அடுப்புல என்னங்க?"

"ஈயம் சேர். பழைய தகடு."

"ஜன்னல் கதவெல்லாம் ஏன் சாத்தியிருக்கு?"

"தொறந்தா பஸ் பொகை உள்ள வந்துரும்ல சேர்!"

அந்த நேரம் பார்த்துப் பஸ்ஸும் வந்தது. றோலண்ட் வெளியே பாய்ந்து, "பாருங்க, பாருங்க, எப்படிக் கக்குறான்!" என்று கையை நீட்டிக் காட்டினார். பரிசோதகர் வெளியே வரவே இல்லை. மேசை விளிம்பை ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸயும் கவனிக்கிறேன். மொதல்ல ஒங்க ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். இடக் கை நேராக நின்றது. வலக் கை மணிக்கட்டோடு மடிந்து தொங்கியது. பரிசோதகர் வாயைத் திறக்கச் சொன்னார். பல் ஈறுகளின் ஓரம் பென்சிலால் இழுத்தது போல ஒரு நீலக் கோடு ஓடியது.

"வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கா?"

"ஒண்ணு இருக்கு சேர். பேத்தி. நல்ல காத்து வாங்கட்டும்னு கொழும்புலருந்து நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

யோகேஸ்வரன் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினார். பிறகு, வீட்டில் இருக்கும் மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. டொக்டரம்மா தாளைப் பார்த்து, "ஒங்களுக்கு ஐம்பத்திரண்டு" என்றார்.

"நூத்துக்கா டொக்டர்?" தேறிவிட்ட மாணவனைப் போல றோலண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது பரீட்சை இல்லைங்க. இரத்தத்துல இருக்கிற ஈயம். அஞ்சைத் தாண்டவே கூடாது."

றோலண்ட் பக்கத்தில் இருந்த டோரீனைப் பார்த்துச் சிரித்தார். பயந்தால் அவர் சிரிப்பார். அது டோரீனுக்கு மட்டும் தெரியும். டோரீனின் இரத்தத்தில் பதினொன்று. டொக்டரம்மா அடுத்த தாளைப் புரட்டினார். "குழந்தைக்கு இருபத்து மூணு."

"கொழும்புல இருந்தப்ப ஏறியிருக்கும் டொக்டர். அங்க பஸ்ஸு..."

"அங்கருந்து வந்து எத்தன மாசம்?"

"பதினாலு மாசம்."

"வரும்போது பேச்சு இருந்துச்சா?"

டோரீன்தான் சொன்னாள். "மூணு வார்த்த சொல்லிக்கிட்டு வந்தா டொக்டர். அம்மா, பால், பூன. பேசப் பேசக் கூடும்னு பாத்தோம். அந்த மூணும் போயிருச்சு."

டொக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலைச் சட்டையை எங்கே கழற்றுகிறீர்கள், யார் துவைக்கிறார்கள், குழந்தை எதை வாயில் வைக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் றோலண்டுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல டொக்டர். மருந்தே அடிக்காத வல்லாரை. என் கையால நானே வளக்கிறேன்."

"எங்க வளக்கிறீங்க?"

"வீட்டுக்குப் பின்னால, பெட்..."

டொக்டரம்மா மீதியைக் கேட்கவில்லை. ஈயம் மேலும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் குழந்தைக்கு ஊசி தேவைப்படாது, இரும்புச்சத்து மருந்து போதும், மூன்று மாதத்தில் மறுபடி சோதிப்போம் என்றார். பேச்சு திரும்புமா என்று டோரீன் கேட்டாள். "பாப்போம்மா" என்றார்.

அன்று பின்னேரம் றோலண்ட் கீரையைப் பிடுங்கி, பெட்டிகளை உரச்சாக்கில் போட்டுக் கட்டினார். பிறகு இனாமாகக் கொடுத்தவற்றைத் திருப்பி வாங்க லயத்தில் வாசல் வாசலாக ஏறினார். ஆயுள் முழுக்க ஊருக்குப் புத்தி சொன்னவருக்கு, அந்தப் பத்து வாசலில் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அதுதான் லேசில் வரவில்லை. கடைசி வாசலில் ராக்காயி பெட்டியைத் தர மறுத்தாள். அவளுடைய பெட்டியில் கொத்தமல்லி அப்போதுதான் தலையெடுத்திருந்தது.

"பொகைன்னீங்க, மூக்கப் பொத்துனோம். மருந்துன்னீங்க, நுவரெலியா கோவா வாங்குறத விட்டோம். இப்ப மண்ணே நஞ்சுங்கிறீங்களே அண்ணே! எததான் நம்புறது?"

"என்ன நம்பாதீங்க" என்றார் றோலண்ட். "பெட்டிய மட்டும் குடுங்க."

இப்போது கடையில் ஈயம் உருக்குவதில்லை. செத்த பெட்டரியைப் பிளக்காமலே கொழும்பு லொறிக்கு ஏற்றிவிடுகிறார். சார்ஜ் ஏற்றும் வேலை மட்டும்தான். கதவும் ஜன்னலும் அகலத் திறந்து கிடக்கின்றன. இதற்கிடையில் பரிசோதகர் சொன்னபடியே பஸ்ஸையும் கவனித்துவிட்டார். எஞ்சின் பழுதுபார்க்கப்பட்டு, புகை அடங்கிவிட்டது. "ஒங்க பெட்டிசன் வேல செஞ்சிருச்சுண்ணே" என்று சின்னராசா கத்திவிட்டுப் போகிறான். றோலண்ட் தலையைக் கூட நிமிர்த்துவதில்லை. சுவரில் இருந்த குறிப்புகளையும் கிழித்துவிட்டார். காத்திருக்கும் சாரதிகளுக்கு அந்த அமைதி என்னவோ போல் இருக்கிறது.

ஷிராணி வந்தபோது சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அதற்கு மனதைத் தயார்ப்படுத்தியும் வைத்திருந்தார். அவள் குழந்தையின் துணிகளை மட்டும் மடித்தாள். பழைய துணிகள் எதையும் எடுக்கவில்லை. வாங்கிவந்த புதியவற்றைத்தான் மடித்தாள்.

"நான் ஒங்கள ஒண்ணும் சொல்லலப்பா. அங்கயே வச்சுப் பாத்துக்கிறேன்."

"அங்க பொகை..." என்று தொடங்கிய றோலண்ட், வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

புறப்பட்ட நாளன்று கொட்டகலை ஸ்டேசனுக்கு அவரும் போனார். விடிந்ததும் லயத்துப் பீலித் தண்ணீரில் ஒருமுறை குளித்தார். கிளம்புமுன் இன்னொருமுறை குளித்தார். ஞாயிறு பூசைக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். கடைப்பக்கம் போய் இரண்டு நாளாகியிருந்தது. ரயில் வந்து நின்றது. ஷிராணி ஏறிப் பெட்டியின் வாசலில் நின்றாள். அவள் இடுப்பிலிருந்த மெலனி, தாத்தாவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டித் துள்ளினாள்.

"தூக்குங்களேன், குளிச்சிட்டுத்தானே வந்தீங்க" என்றாள் டோரீன்.

றோலண்ட் தம் விரல்களை விரித்து நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, வாசற்படியின் அருகே போய், குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் தலையை மட்டும் குனிந்து கொடுத்தார்.